‘ஸ்டென்ட் திறந்திருக்கிறது’: மூளைத் தமனி ஸ்டென்டுக்குள் வந்த மறுகுறுகலைப் படத்தில் தவறவிட்ட ஒரு நிகழ்வு

ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் ரேடியாலஜிஸ்ட் நான். இங்கே பதிவு செய்யும் நிகழ்வில், ஸ்டென்ட் (குறுகிய தமனியை விரித்து வைக்கும் உலோக வலைக் குழாய்) வைத்த ஆறாம் மாதம் எடுத்த படங்களுக்கு அறிக்கை எழுதியது நான்தான். நோயாளியையும் சிகிச்சை தந்தவர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன். படங்களில் கண்டதும் அளந்ததும் உள்ளபடியே இருக்கின்றன.

பின்னணி

நோயாளி 58 வயது ஆண். 12 வருடமாக ரத்த அழுத்தம், 8 வருடமாகச் சர்க்கரை. புகைப் பழக்கத்தை முதல் தாக்குதலுக்குப் பிறகு விட்டுவிட்டார். மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை வலது கை தளர்ந்து பேச்சு குழறியது. முதல் முறை அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. இரண்டாவது முறை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் (அதிக அளவில்) எல்லாவற்றையும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வந்தது. அந்த முறை எம்ஆர்ஐ-யில் சிறிய பாதிப்பும் பதிவானது.

தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்திச் சாய மருந்து கொடுத்து எடுக்கும் கதீட்டர் ஆஞ்சியோகிராமில் இடது நடு மூளைத் தமனியின் முதல் பகுதியில் கடுமையான குறுகல் தெரிந்தது. நல்ல பகுதியின் விட்டம் 2.5 மில்லிமீட்டர், குறுகிய இடத்தில் 0.45. குறுகிய விட்டத்தை நல்ல விட்டத்தால் வகுத்து ஒன்றிலிருந்து கழிக்கும் ‘வாசிட்’ முறைப்படி இது 82 சதவீதக் குறுகல்.

மூளைக்குள் இருக்கும் தமனிக்கு ஸ்டென்ட் என்பது எடுத்த எடுப்பில் செய்யும் சிகிச்சை அல்ல. 2011-ல் வெளியான சாம்ப்ரிஸ் ஆய்வில் 451 நோயாளிகளைச் சேர்த்த நிலையில் மேற்கொண்டு சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். காரணம், முதல் 30 நாளில் பக்கவாதமோ மரணமோ ஏற்பட்டவர்கள் ஸ்டென்ட் வைத்த பிரிவில் 14.7 சதவீதம், மருந்து மட்டும் எடுத்த பிரிவில் 5.8 சதவீதம். அதனால்தான் முதல் தாக்குதலுக்குப் பிறகு இவருக்கு மருந்து மட்டும் கொடுக்கப்பட்டது. மருந்தை மீறி இரண்டாவது முறை வந்த பிறகுதான், குடும்பத்தாரிடம் விளக்கிச் சொல்லி, ஸ்டென்ட் வைக்க முடிவானது.

ஸ்டென்ட் வைத்ததும், அதன்பின் செய்யாமல் விட்டதும்

2 மில்லிமீட்டர் பலூனால் முதலில் மெதுவாக விரித்து, பிறகு தானாக விரியும் ‘நிட்டினால்’ என்ற உலோகக் கலவை ஸ்டென்ட் வைத்தார்கள். 3 மில்லிமீட்டர் விட்டம், 15 மில்லிமீட்டர் நீளம். முடிவில் உள்விட்டம் 1.9 மில்லிமீட்டர், அதாவது மிச்சக் குறுகல் 24 சதவீதம். சிக்கல் எதுவும் இல்லை. இரண்டாம் நாள் எடுத்த, ஒலி அலையால் ரத்த வேகத்தை அளக்கும் தலை டாப்ளரில் அந்தத் தமனியின் சராசரி ரத்த வேகம் வினாடிக்கு 88 சென்டிமீட்டர்.

ஆஞ்சியோகிராம் படம் நன்றாக வந்துவிட்டதால், ஸ்டென்ட் வைத்த நிலையில் ஒரு சிடி ஆஞ்சியோ (சாய மருந்து கொடுத்துத் தமனியைப் பார்க்கும் சிடி ஸ்கேன்) எடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. புதிதாக வைத்த, நல்ல நிலையில் உள்ள ஸ்டென்ட் சிடி-யில் எப்படித் தெரியும் என்பதற்கு எங்களிடம் ஒப்பிடும் படம் இல்லாமல் போனது இப்படித்தான்.

ஆறாம் மாதப் படங்கள்

மூன்றாம் மாதம் நோயாளி நலமாக வந்து போனார். ஆறாம் மாதம் வழக்கமான பரிசோதனையாக எம்ஆர் ஆஞ்சியோவும் சிடி ஆஞ்சியோவும் எடுத்தோம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சாய மருந்து இல்லாமல் எடுக்கும் எம்ஆர் ஆஞ்சியோவில், புதிதாக உள்ளே பாயும் ரத்தம்தான் வெள்ளையாகத் தெரியும். ஸ்டென்ட் இருக்கும் இடத்தில் அந்த வெள்ளை அறுந்து கறுப்பாகிவிடும். உலோக வலை ரேடியோ அலையை உள்ளே விடாமல் ஒரு கூண்டு மாதிரி தடுக்கிறது. சுற்றியுள்ள காந்தப்புலத்தையும் உலோகம் குலைக்கிறது. அதனால் ரத்தம் நன்றாக ஓடினாலும் படத்தில் இடைவெளி விழும். உள்ளே தமனி உண்மையிலேயே குறுகி, ரத்தம் சுழித்து ஓடினாலும் அதே இடைவெளிதான் விழும். பார்வைக்கு இரண்டும் ஒன்று. அந்தக் கறுப்பைப் பார்த்து நான் எழுதியது: “ஸ்டென்டின் உலோகத்தால் ஏற்பட்ட படக் குறை. உட்பகுதியை மதிப்பிட இயலவில்லை.” இந்த வரி சரிதான். இதோடு நிறுத்திக்கொண்டதுதான் தவறு.

சிடி-யில் சிக்கல் வேறு மாதிரி. ஸ்டென்டின் கம்பி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. ஆனால் படத்தில் அது பூத்துப் பரவி பல மடங்கு தடிமனாகத் தெரியும். 200 மில்லிமீட்டர் பரப்பை 512 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். 2.5 மில்லிமீட்டர் தமனிக்குக் கிடைப்பது குறுக்கே ஆறு புள்ளிகள் மட்டுமே. இரண்டு ஓரங்களிலும் உலோகத்தின் ஒளிர்வு ஒவ்வொரு புள்ளியை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது நாலு.

ஓரம் தடித்துத் தெரிவதால் ஸ்டென்டின் உட்பகுதி உண்மையைவிடக் குறுகலாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் பழக்கமான எச்சரிக்கை. அதற்கு நேர் எதிராகவும் நடக்கும். படத்தை மென்மையாகக் காட்டும் வழக்கமான அமைப்பில், உலோகத்தின் வெள்ளை உள்ளே கசிந்து, அங்கே சாய மருந்து நிறைந்திருப்பது போலவே தோன்றும். ஸ்டென்டின் உட்சுவரில் வளர்ந்த மெல்லிய திசு அந்த வெள்ளைக்குள் மறைந்துவிடும். நான் பார்த்தது மென்மையான அமைப்பில் உருவாக்கிய படம். ஸ்டென்ட் முழுக்க வெள்ளையாக இருந்தது, அதற்கு அப்பால் உள்ள கிளைகளிலும் மருந்து ஓடியது. “ஸ்டென்ட் திறந்திருக்கிறது, குறிப்பிடத்தக்க குறுகல் இல்லை” என்று எழுதினேன்.

திறந்திருந்தது என்பது உண்மை. குறுகல் இல்லை என்று சொல்லும் தகுதி அந்தப் படத்துக்கு இல்லை.

அறிக்கையை நம்பி எடுத்த முடிவுகள்

அறிக்கையைப் பார்த்த நரம்பியல் மருத்துவர் குளோபிடோக்ரெலை நிறுத்தி ஆஸ்பிரினை மட்டும் தொடரச் சொன்னார். ரத்த அழுத்தம் 150-ஐ ஒட்டி இருந்ததால், அதற்கு இன்னொரு மாத்திரையும் சேர்த்தார். ஸ்டென்டுக்குள் குறுகல் இல்லை என்று ஒருவர் நம்பினால் இரண்டுமே நியாயமான முடிவுகள். வழக்கமாகச் செய்வதும் இதைத்தான். அவர் மேல் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

டாப்ளரை மட்டும் மறுபடி எடுக்கவில்லை. சிடி, எம்ஆர் இரண்டும் எடுத்தாயிற்றே என்ற எண்ணம்.

சட்டைப் பொத்தான்

ஏழரை மாதத்தில் நோயாளியை அவர் மனைவி அழைத்து வந்தார். காலையில் மாத்திரை சாப்பிட்டு, குளித்து முடித்து, எழுந்து நின்று சட்டை போடும்போது வலது கை விரல்கள் பொத்தானைப் பிடிப்பதில்லை. பொத்தான் துளைக்குப் பக்கத்தில் போய் நழுவிவிடுகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் சரியாகிவிடுகிறது. அவர் இதை மருந்தினால் வந்த அசதி என்று நினைத்து மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. “உட்கார்ந்தா சரியாயிடுது டாக்டர், நின்னாதான் இப்படி ஆகுது” என்று அவர் மனைவி சொன்ன ஒரு வாக்கியத்தில் நோயறிதல் பாதி முடிந்துவிட்டது. எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்குகிறது, இடது மூளைக்குப் போகும் ரத்தம் போதாமல் போகிறது. குழாய் எங்கேயோ இறுகியிருக்கிறது என்பதைத்தான் இது சொல்கிறது.

உட்கார்ந்திருக்கும்போது ரத்த அழுத்தம் 118-க்கு 70, நின்ற பிறகு 98-க்கு 62.

அன்றே எடுத்த எம்ஆர்ஐ-யில் இடது பக்கம், மூளையின் ஆழத்தில், இரண்டு ரத்த ஓட்டப் பரப்புகள் சந்திக்கும் எல்லையில் நாலு சிறிய புதுப் பாதிப்புகள் மணி கோத்தது போல வரிசையாக இருந்தன. ரத்தக் கட்டி எங்கிருந்தோ பறந்து வந்து அடைத்தால் பெரும்பாலும் பாதிப்பு இப்படி வரிசையாக அமையாது. ஓட்டம் போதாத இடத்தில்தான் இப்படி வரும். ரத்த ஓட்ட அளவீட்டுப் படத்தில், இடது நடு மூளைத் தமனியின் பரப்பில் பெரும்பகுதிக்குச் சாய மருந்து 6 வினாடிக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. குறுகிய இடத்தில் ரத்தம் வேகமாகப் பாயும்; டாப்ளரில் வேகம் 196. இரண்டாம் நாள் அளவான 88-ஐ வைத்துப் பார்த்தால் இது இரண்டு மடங்குக்கும் மேல். எங்கள் கையில் இருந்த ஒரே பழைய அளவு அந்த டாப்ளர் எண்தான், நிலைமையை வெளிச்சம் போட்டுக் காட்டியதும் அதுவே.

எம்ஆர் ஆஞ்சியோவில் ஸ்டென்ட் இருந்த இடத்தில் அதே கறுப்பு இடைவெளி. ஆறாம் மாதத்துக்கும் இதற்கும் அந்த இடத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

பழைய படங்களை மறுபடி பார்த்தபோது

அன்று மாலை ஆறாம் மாதப் படங்களைத் திறந்து, புதியவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இந்த முறை ஸ்டென்டைப் பார்க்கவில்லை, ஸ்டென்டுக்கு அப்பால் உள்ள கிளைகளைப் பார்த்தேன். வலது பக்கக் கிளைகள் மூளையின் ஓரம் வரை பளிச்சென்று போகின்றன. இடது பக்கக் கிளைகள் பாதி வழியிலேயே மங்கி, ஓரத்துக்குப் போவதற்குள் மறைந்துவிடுகின்றன. மெதுவாக ஓடும் ரத்தம் இந்த வகைப் படத்தில் வெள்ளையை இழந்துவிடும். ஆறாம் மாதத்திலேயே இடது பக்கம் ஓட்டம் குறைந்திருந்தது. உலோகத்தின் பாதிப்பு ஸ்டென்டை ஒட்டி முடிந்துவிடும், அதற்கு நாலு சென்டிமீட்டர் அப்பால் உள்ள கிளையை அது மங்க வைக்காது. ‘படக் குறை’ என்று எழுதியதும் என் கண் அந்தப் பக்கத்தை விட்டு அகன்றுவிட்டது. இதை என்னால் இன்னும் இலகுவாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சிடி-யையும் மறுபடி பார்த்தேன். கூர்மையான அமைப்பில் மறுபடி உருவாக்கலாம் என்றால் மூலத் தரவு இயந்திரத்திலிருந்து எப்போதோ அழிந்துவிட்டது. சேமிப்பில் இருந்தது மென்மையான அமைப்பில் உருவாக்கிய மெல்லிய வெட்டுகள் மட்டும். அவற்றில் படத்தில் காட்டும் வெளிச்ச வரம்பை அகலமாக விரித்தபோது, ஸ்டென்டின் முன் பகுதியில் வெள்ளை சீராக இல்லை, ஓரமாக ஒரு சாம்பல் கீற்று தெரிந்தது. அது திசுவா, இரைச்சலா என்று அடித்துச் சொல்ல முடியாது. விடை தெரிந்த பிறகு பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் தெரியும் என்பதால், சிடி-யைப் பொறுத்தவரை ‘தவறவிட்டேன்’ என்று சொல்லாமல் ‘பார்க்கும் வழியே அமைக்கப்படவில்லை’ என்று சொல்வதுதான் நேர்மை.

எந்தப் பரிசோதனை, ஏன்

சிடி ஆஞ்சியோவைச் சரியான அமைப்பில் மறுபடி எடுப்பதா, நேராகக் கதீட்டர் ஆஞ்சியோகிராம் போவதா என்று பேசினோம். சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.4, கூடவே சர்க்கரை நோய். சாய மருந்தை இரண்டு முறை கொடுப்பது சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. சிடி என்ன சொன்னாலும் அடுத்து கதீட்டர் ஆஞ்சியோகிராம் தேவைப்படும், ஏனென்றால் அறிகுறி உள்ளவருக்கு அளவு துல்லியமாகத் தெரிய வேண்டும், தேவையென்றால் அதே அமர்வில் சிகிச்சையும் செய்யலாம். நேராகப் போனோம். அதுவரை அன்றே கூடுதல் அழுத்த மாத்திரையை நிறுத்தி, குளோபிடோக்ரெலை மறுபடி தொடங்கி, படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். அறிகுறி உடனே நின்றது.

ஆஞ்சியோகிராமில் கண்டது

ஸ்டென்டின் இரு முனைகளிலும் உள்ள அடையாளப் புள்ளிகளுக்கு நடுவே சாய மருந்துத் தாரை இறங்கியது. முன் மூன்றில் ஒரு பங்கில் இடுப்பு போல ஒடுங்கி, பிறகு விரிந்தது. ஓரம் வழவழப்பாக, சீராக இருந்தது. ரத்தக் கட்டி ஒட்டியிருந்தால் ஓரம் பிசிறடித்திருக்கும். நீர்த்த மருந்தைக் கொடுத்து எக்ஸ்ரே குழாயைச் சுழற்றி எடுத்த கூம்புக் கதிர் சிடி-யில், கம்பிக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு சாம்பல் வளையம் சுற்றிலும் தெளிவாகத் தெரிந்தது. கம்பி சுவரை ஒட்டித்தான் இருந்தது, ஸ்டென்ட் சுருங்கவில்லை. உட்சுவரின் தசைச் செல்கள் பெருகி ஸ்டென்டுக்குள் புதுத் திசுவாக வளர்ந்திருந்தன. முன் மூளைத் தமனியின் கிளைகள் பின்வழியாக வந்து, தாமதமாக அந்தப் பரப்புக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தன.

குறுகிய இடத்தின் விட்டம் 0.65 மில்லிமீட்டர். குறுகல் 74 சதவீதம். ஸ்டென்டுக்குள்ளோ அதன் முனையிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள்ளோ 50 சதவீதத்துக்கு மேல் குறுகல், கூடவே வைத்தபோது இருந்ததைவிட 20 சதவீதப் புள்ளிக்கு மேல் இழப்பு என்பதுதான் மறுகுறுகலுக்கு 2007 முதல் பரவலாகப் பயன்படும் வரையறை. இவருக்கு இழப்பு 50 சதவீதப் புள்ளி. வழக்கமான சிடி-யில் 0.65 மில்லிமீட்டர் என்பது இரண்டு படப்புள்ளிகூட இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் படத்தை வைத்துக் குறுகல் இல்லை என்று சொன்னதன் கனம் புரியும்.

அரிய சிக்கலும் அல்ல இது. 2007-ல் இதே வகை ஸ்டென்டைப் பற்றி வந்த ஆய்வில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் மறுகுறுகல் இருந்தது. 2022-ல் வந்த நோவா ஆய்வில் ஒரு வருட முடிவில் சாதாரண ஸ்டென்டில் 30.2 சதவீதம், மருந்து பூசிய ஸ்டென்டில் 9.5 சதவீதம். மூன்று பேரில் ஒருவருக்கு எதிர்பார்க்க வேண்டிய ஒன்றை, எதிர்பார்க்காமல் படம் பார்த்திருக்கிறேன்.

சிகிச்சை

இரண்டாவதாக ஒரு ஸ்டென்டை உள்ளே வைப்பது, பலூனால் விரிப்பது, மருந்து மட்டும் என்று மூன்று வழிகள். மருந்து மட்டும் போதாது என்பதைப் புதுப் பாதிப்புகள் சொல்லிவிட்டன. 2.5 மில்லிமீட்டர் தமனியில் ஸ்டென்டுக்குள் ஸ்டென்ட் என்றால் உலோகம் இரட்டிக்கும். அங்கிருந்து மூளையின் ஆழத்துக்குப் போகும் நுண்கிளைகளுக்கு ஆபத்து. அடுத்து எடுக்கும் படமும் இன்னும் மோசமாகும். எனவே 2 மில்லிமீட்டர் பலூனை மட்டும், மிக மெதுவாக விரித்தார்கள். விட்டம் 1.75 ஆனது, மிச்சக் குறுகல் 30 சதவீதம்.

ரத்தத் தட்டணுப் பரிசோதனையில் குளோபிடோக்ரெலுக்கு அவர் உடல் சரியாகப் பதில் தரவில்லை என்று தெரிந்தது. டிகாக்ரிலார் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார்கள். எல்டிஎல் கொழுப்பு 96 இருந்தது. 70-க்குக் கீழே கொண்டுவர ஸ்டாடினுடன் எசிடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தும் சேர்ந்தது.

தொடர்ந்து நடந்தது

சிறுநீரக அளவைச் சரிபார்த்துவிட்டு, ஆறாம் நாள் கூர்மையான அமைப்பில், அரை மில்லிமீட்டர் வெட்டுகளில் ஒரு சிடி ஆஞ்சியோ எடுத்தோம். அதே படத்தை மென்மையான அமைப்பிலும் உருவாக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மென்மையான படத்தில் ஸ்டென்ட் ஒரு வெள்ளைக் குச்சி. கூர்மையான படத்தில் இரண்டு மெல்லிய கோடுகள், நடுவே மருந்து, ஓரமாக மிஞ்சிய திசு. ஒரே ஆள், ஒரே மருந்து, ஒரே நொடி. அன்று டாப்ளர் 104.

ஆறு மாதம் கழித்து அதே இயந்திரத்தில், அதே அமைப்பில் எடுத்தபோது உட்பகுதி சற்று ஒடுங்கியிருந்தது. டாப்ளர் 118. எம்ஆர் ஆஞ்சியோவில் அப்பால் உள்ள கிளைகள் இரு பக்கமும் ஒரே அளவு பளிச்சென்று இருந்தன. மூன்றும் ஒரே கதையைச் சொன்னதால் கதீட்டர் ஆஞ்சியோகிராமை அப்போது தள்ளிப்போட்டோம். ஒரு வருடத்தில் எடுத்தபோது விட்டம் 1.5, குறுகல் 40 சதவீதம். இடையில் அறிகுறி எதுவும் இல்லை. வலது கையின் நுட்பமான அசைவில் சிறிய தாமதம் மட்டும் தங்கிவிட்டது. சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறார், கொஞ்சம் நேரம் எடுத்து.

மாற்றிக்கொண்டவை

ஸ்டென்ட் வைத்த முதல் வாரத்திலேயே, சிறுநீரகம் இடம் கொடுத்தால், கூர்மையான அமைப்பில் ஒரு சிடி ஆஞ்சியோவும் ஒரு டாப்ளரும் எடுத்து வைக்கிறோம். நெற்றிப்பொட்டு எலும்பு தடித்திருந்து டாப்ளர் அலை உள்ளே போகாதவர்களுக்கு அந்த வழி இல்லை. அவர்களுக்கு ரத்த ஓட்ட அளவீட்டுப் படத்தை முதலிலேயே எடுத்து வைக்கிறோம். 2021 முதல் பயன்பாட்டுக்கு வந்திருக்கும் ஃபோட்டான் எண்ணும் சிடி 0.2 மில்லிமீட்டர் வெட்டு வரை தருகிறது. அது கைக்கு எட்டும் இடங்களில் இந்தச் சிரமம் பெருமளவு குறையும். மிகக் குறைந்த எதிரொலி நேரத்தில் எடுக்கும் சத்தமில்லாத எம்ஆர் ஆஞ்சியோவும் ஸ்டென்டுக்குள் ஓரளவு பார்க்க விடுகிறது. ஆனால் எங்கள் நிகழ்வில் தவறியதற்கு இயந்திரம் காரணம் அல்ல. பழைய எம்ஆர் படத்திலேயே விடை இருந்தது.

நோயாளி வீட்டில் சொல்வதையும் இப்போது படிவத்தில் கேட்கிறோம்: எழுந்து நின்றால் கை, பேச்சு, பார்வை மாறுகிறதா, எந்த நேரத்தில், உட்கார்ந்தால் சரியாகிறதா. படம் எடுக்க வரும் ஒவ்வொரு முறையும் இதை ஒரு நர்ஸ் கேட்டு எழுதுகிறார். அந்தத் தாள் படத்தோடு என் மேசைக்கு வருகிறது.

அறிக்கை எழுதும் முறையில் மாற்றியது ஒரு வரி. ஸ்டென்டுக்குள் பார்க்க முடியாதபோது ‘திறந்திருக்கிறது’ என்று எழுதுவதை விட்டுவிட்டேன். இப்போது எழுதுவது: “ஸ்டென்டின் உட்பகுதியை இந்தப் படத்தில் மதிப்பிட முடியாது. அப்பால் உள்ள கிளைகள் எதிர்ப் பக்கத்தோடு ஒப்பிடும்போது இவ்வாறு உள்ளன. குறுகல் இல்லை என்பதற்கு இந்தப் பரிசோதனையை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்; மருந்தை நிறுத்தும் முன் கலந்து பேசவும்.” கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டு, இதுவரை மூன்று பேர் என்னைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார்கள்.